எச்.ஐ.வி.யுடன் கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு: கருத்தரிப்பதற்கு முன்பிருந்து குழந்தையின் கடைசிப் பரிசோதனை வரை

எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண் தொற்றில்லாத குழந்தையைப் பெற்று வளர்க்க முடியும். மருந்தே எடுக்காமல் விட்டால், கருப்பையிலோ பிரசவத்தின்போதோ தாய்ப்பால் வழியாகவோ நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று சென்று சேரும். கருவுறுவதற்கு முன்பே கூட்டு மருந்தைத் தொடங்கி, இரத்தத்தில் வைரஸைக் கண்டறிய முடியாத நிலையில் பிள்ளை பெறுகிற தாய்மாரிடம், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தொற்று கடத்தப்படுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 1994-இல் வெளியான ஆய்வில், ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்தைக் கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் கொடுத்தபோதே தொற்று 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்தது. இன்று அதைவிட வலுவான மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் கிடைக்கின்றன.

கீழே சொல்லப்படுபவை எல்லாம் தாயின் இரத்தத்தில் இருக்கும் வைரஸ் அளவைச் சுற்றியே நிற்கின்றன. மருத்துவமனையில் இதை வைரல் லோடு என்பார்கள். சுகப்பிரசவமா சிசேரியனா, குழந்தைக்கு ஒரு மருந்தா இரண்டு மருந்தா, எந்தப் பால் என்ற முடிவுகளுக்கெல்லாம் முதலில் பார்க்கப்படுவது அந்த எண்தான். ஆகவே குழந்தையைக் காக்கும் முதல் மருந்து, தாய் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையே. கர்ப்பத்தில் மருந்து சாப்பிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று யாரேனும் சொல்லி, அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவதுதான் இந்தப் பாதையில் நேரக்கூடிய மிகப் பெரிய தவறு.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்கும்போது

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர், கருத்தரிக்க முயலும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லி, அண்மைய வைரல் லோடு அறிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து நிலைத்திருந்தால், கணவருக்கு உடலுறவு வழியாகத் தொற்று செல்வதில்லை; ஆகவே இயல்பான முறையிலேயே கருத்தரிக்கலாம். அளவு இன்னும் குறையவில்லை என்றால் குறையும்வரை காத்திருப்பதே நல்லது. அதுவரை ஆணுறை அவசியம். தொற்றில்லாத கணவர் முன்தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம். எல்லாப் பெண்களையும் போலவே, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் எடுக்க வேண்டும்.

கணவருக்கு மட்டும் தொற்று இருந்து மனைவிக்கு இல்லாத வீடுகளில் வேறொரு கவனம் தேவை. தந்தையிடமிருந்து நேராகக் குழந்தைக்குத் தொற்று போவதில்லை; தாய்க்கு வந்தால்தான் குழந்தைக்கு வரும். ஆனால் கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய்க்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டால், அந்த முதல் வாரங்களில் அவருடைய வைரஸ் அளவு மிக உயரத்தில் இருக்கும் என்பதால் குழந்தைக்கான ஆபத்தும் மிக அதிகம். தொடக்கப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்த பெண்ணும், கணவருக்குத் தொற்று இருந்தாலோ அவருடைய நிலை தெரியாவிட்டாலோ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மறுபடியும் பரிசோதித்துக்கொள்வது இதனால்தான். கணவரைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதை யாரும் குற்ற விசாரணையாக எண்ண வேண்டாம். குழந்தைக்கான முன்னேற்பாடுகளில் அதுவும் ஒன்று.

கர்ப்பத்தில்தான் தொற்று இருப்பது தெரிய வந்தால்

பலருக்கும் முதல் கர்ப்பப் பரிசோதனையின்போதுதான் செய்தி தெரிகிறது. ஒரே நாளில் இரண்டு செய்திகளைத் தாங்குவது எளிதல்ல. அழுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். உறுதிப்படுத்தும் பரிசோதனை முடிந்ததும், கர்ப்பம் எத்தனை வாரமானாலும், சி.டி.4 எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவாக இருந்தாலும், இயன்றால் அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்குவதுதான் இன்றைய நடைமுறை. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு போன்ற மூளைக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தால் மட்டும் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும். ஆகவே அவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. மேகநோய் எனப்படும் சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி இரண்டுக்குமான இரத்தப் பரிசோதனைகளையும் இதே சமயத்தில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் பி-யும் இருப்பவர், அதையும் சேர்த்து அடக்கும் டெனோஃபோவிர் மருந்தை ஒருபோதும் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும்.

இப்போது உலகெங்கும் பெரிதும் பயன்படும் மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெகிராவிர் 50 மி.கி. என மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். நாளுக்கு ஒன்று போதும். 2018-இல் போட்ஸ்வானாவிலிருந்து வந்த ஆய்வின் இடைக்காலத் தகவல், கருத்தரிக்கும் வேளையில் டோலுடெகிராவிர் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு சற்றுக் கூடுதலோ என்ற அச்சத்தை எழுப்பியது. பின்னர் அதே ஆய்வில் மேலும் ஆயிரக்கணக்கான பிரசவங்கள் சேர்ந்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க விரும்புவோருக்கும் இதே மருந்தையே முதல் தேர்வாக உலக சுகாதார நிறுவனம் 2019-இலிருந்து பரிந்துரைக்கிறது. பழைய செய்தியை மட்டும் கேட்டு இன்னும் அஞ்சுபவர்கள் இருப்பதால் இதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே வேறு மருந்துகளில் இருந்து, வைரஸ் நன்றாக அடங்கியிருப்பவர் பெரும்பாலும் அதையே தொடரலாம். ஆனால் கோபிசிஸ்டாட் என்ற துணை மருந்து சேர்ந்த மாத்திரைகள் கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் போதிய அளவு நிற்பதில்லை. அவற்றை எடுப்பவர், கர்ப்பம் தெரிந்தவுடன் மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையால் வரும் சிக்கல்

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தவறாமல் கொடுக்கப்படுகின்றன. வெறும் வயிற்றில் இவற்றோடு சேர்த்து டோலுடெகிராவிரை விழுங்கினால், அந்த உலோகச் சத்துகள் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்வதால், அது இரத்தத்துக்குப் போய்ச் சேருவது வெகுவாகக் குறைந்துவிடும். ஒருநாள்கூடத் தவறாமல் மாத்திரை எடுத்தும் வைரஸ் குறையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் இவற்றை ஒரே நேரத்தில் விழுங்கலாம். வெறும் வயிற்றில் எடுப்பதானால், எச்.ஐ.வி. மாத்திரையை முதலில் போட்டுக்கொண்டு குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து இரும்புச்சத்தை எடுக்க வேண்டும். அல்லது இரும்புச்சத்து எடுத்து ஆறு மணி நேரம் கழித்து எச்.ஐ.வி. மாத்திரையை எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் எளிது, எச்.ஐ.வி. மாத்திரையை இரவு படுக்கும் முன்னும் இரும்புச்சத்தைப் பகல் சாப்பாட்டுக்குப் பின்னும் என்று பிரித்து வைப்பது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துகளில் அலுமினியமோ மெக்னீசியமோ இருக்கும். அவற்றோடு எடுக்கும்போது சாப்பாடு இந்தத் தடையை நீக்காது. எப்போதும் அதே இரண்டு மணி, ஆறு மணி இடைவெளி வேண்டும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெகிராவிர் 50 மி.கி. நாளுக்கு இருமுறை தேவைப்படும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எழுதப்பட்டால், டோலுடெகிராவிர் அதன் அளவை இரத்தத்தில் உயர்த்தும் என்பதால் மெட்ஃபார்மினைக் குறைவாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதிக் கொண்டு போங்கள்.

மசக்கையில் மாத்திரை வெளியே வந்துவிடுகிறது என்றால், விட்டுவிடுவதற்குப் பதிலாக, வாந்தி குறைவாக இருக்கும் நேரத்துக்கு மாத்திரையை மாற்றுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான வாந்தி மருந்தும் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளுக்கு மேல் எதுவுமே வயிற்றில் தங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போவதுதான் சரி.

34-ஆவது வாரம்

மருந்து தொடங்கிய ஒரு மாதத்திலும், பிறகு இடையிடையேயும் வைரல் லோடு பார்க்கப்படும். அவற்றில் 34 முதல் 36 வாரங்களுக்குள் எடுக்கும் அளவு மிக முக்கியமானது. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, மருத்துவமனையில் யாரும் நினைவூட்டாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். முடிவு கைக்கு வரச் சில நாட்கள் ஆகும், குழந்தையோ முன்கூட்டியே பிறந்துவிடலாம். எனவே 36-ஐவிட 34 நல்லது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் மருந்தைத் தொடங்கியவர்களும் நம்பிக்கையை விட வேண்டாம். டோலுடெகிராவிர் வைரஸை மிக விரைவாகக் குறைக்கும், நான்கு வாரங்களிலேயே பெரிய வேறுபாடு தெரியும்.

எண் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால், அறிக்கையைக் கையில் வாங்கும் பெண்ணின் மனத்தில் முதலில் எழுவது குற்ற உணர்வு. அதை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை மாத்திரைகள் தவறின, எந்த நேரத்தில் தவறின, இரும்புச்சத்தோடு சேர்ந்து போனதா, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளித்து எடுக்க வேண்டியிருந்ததால் விட்டுப்போனதா என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்பவர் கடுகடுத்தாலும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும். தவறாமல் எடுத்தும் குறையவில்லை என்றால் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறிவிட்டதா என்று பார்க்கும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்து மருந்தையே மாற்றவும் வழி உண்டு.

பிரசவம்

தொற்று இருந்தாலே சிசேரியன்தான் என்பது பழைய கருத்து. வைரஸ் அடங்கியிருக்கும்போது சிசேரியனால் குழந்தைக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை; தாய்க்கு மட்டும் காயமும் புண் பழுக்கும் வாய்ப்பும் மிஞ்சும். மற்ற எந்தப் பெண்ணுக்கும் சிசேரியன் தேவைப்படும் காரணங்களுக்காக மட்டுமே அப்போது செய்யப்படும். பிரசவத்தை நெருங்கும் வேளையில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 1,000 வைரஸ் பிரதிகளுக்கு மேல் இருந்தால் நிலைமை வேறு: வலி தொடங்கும் முன்னும் பனிக்குடம் உடையும் முன்னும், 38-ஆவது வாரத்தையொட்டித் திட்டமிட்டுச் சிசேரியன் செய்வது தொற்றைக் குறைக்கும், ஜிடோவுடினை நரம்பு வழியாக ஏற்றும் முறையும் பல நாடுகளில் உண்டு. எந்த எண்ணில் எந்த முடிவு என்பது நாட்டுக்கு நாடு சிறிது மாறும். பிரிட்டனின் வழிகாட்டுதல் 400-லிருந்தே சிசேரியனைப் பரிந்துரைக்கிறது.

பிரசவப் பையில் குழந்தைத் துணிகளுக்கு முன் வைக்க வேண்டியவை மூன்று. இரண்டு வாரத்துக்கான மாத்திரை. கடைசி வைரல் லோடு அறிக்கையின் நகல். மாத்திரை எடுக்கும் நேரம் எழுதிய ஒரு சீட்டு. வலி பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம் நீளும்போது தாய்க்கும் நினைவிருக்காது, பணியில் இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பார். விஷயம் தெரிந்த ஒருவர் அருகிலிருந்து, மணி அடித்ததும் ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரையைக் கையில் கொடுக்க வேண்டும். சிசேரியனுக்காக வயிற்றைக் காயப்போடும் நாளிலும் சிறிது தண்ணீரோடு மாத்திரையை எடுக்கலாமா என்று மயக்க மருந்து மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

பனிக்குடம் உடைந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள். வைரஸ் அடங்காத தாய்க்குப் பனிக்குடத்தைச் செயற்கையாக உடைப்பது, குழந்தையின் தலைத்தோலில் கருவி பொருத்துவது, ஆயுதம் போட்டு எடுப்பது ஆகியவற்றை இயன்றவரை தவிர்ப்பார்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெதர்ஜின் ஊசி, ரிடோனாவிர் சேர்ந்த மருந்து எடுப்பவருக்கு இரத்தக் குழாய்களை ஆபத்தான அளவுக்குச் சுருக்கிவிடக்கூடும். வேறு மருந்துகள் இருக்கின்றன என்பதால், உங்கள் மாத்திரையின் பெயர் பிரசவ அறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது தாமதித்து வெட்டுவதற்குத் தாயின் தொற்று தடையில்லை. குழந்தையின் மேலுள்ள இரத்தத்தைத் துடைத்துவிட்டு உடனே தாயின் மார்போடு சேர்த்துப் படுக்க வைக்கலாம். தனி அறையோ தனிக் கட்டிலோ தேவையில்லை; கையுறை முதலிய முன்னெச்சரிக்கைகள் எல்லாப் பிரசவங்களுக்கும் பொதுவானவை. தலைமாட்டில் அடையாளம் எழுதி மாட்டுவதை எந்த மருத்துவ அறிவும் கேட்பதில்லை. அப்படி நடந்தால் எதிர்த்துச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

குழந்தைக்கான மருந்து

பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் வேளை மருந்து போய்விட வேண்டும். தாயின் வைரஸ் அடங்கியிருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி பொதுவாக நெவிராபின் மருந்து மட்டும் ஆறு வாரம். தாய் தாமதமாக மருந்து தொடங்கியிருந்தாலோ வைரஸ் அதிகமாக இருந்தாலோ ஜிடோவுடின் போன்ற வேறு மருந்தும் சேரும். அத்தகைய குழந்தை தாய்ப்பால் குடித்தால் பல இடங்களில் மருந்து பன்னிரண்டு வாரம் வரை நீளும்.

நெவிராபின் திரவம் மில்லிலிட்டருக்கு 10 மி.கி. செறிவுள்ளது, பிறந்தபோது 2.5 கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ள குழந்தைக்கு வழக்கமான அளவு நாளுக்கு ஒருமுறை 15 மி.கி., அதாவது 1.5 மி.லி. சமையலறைக் கரண்டியால் இதை அளக்க முடியாது. ஊசியில்லாத சிரிஞ்சில், மருத்துவமனையைவிட்டுக் கிளம்பும் முன்பே செவிலியர் கையால் 1.5 கோட்டில் ஒரு அடையாளம் போட்டு வாங்குங்கள். மருந்தை இழுத்து, சிரிஞ்சை நிமிர்த்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, மறுபடியும் கோட்டைச் சரிபாருங்கள். குழந்தையைத் தலை சற்று உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்து, சிரிஞ்சின் முனையைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்து, சிறிது சிறிதாக, குழந்தை விழுங்க விழுங்கத் தள்ளுங்கள்; நாக்கின் நடுவில் வேகமாகப் பீய்ச்சினால் புரையேறும். இரண்டு மருந்து எழுதியிருந்தால் இரண்டு சிரிஞ்சு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புட்டியிலும் அதன் அளவைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். குழந்தைக்கு நாலைந்து வாரம் ஆகும்போது கோட்ரைமாக்சசோல் என்ற மற்றொரு மருந்தும் தொடங்கப்படும். குழந்தைக்குத் தொற்று வந்திருந்தால் கடும் நிமோனியா வராமல் காப்பதற்காக அது தரப்படுகிறது.

எந்தப் பால்

இங்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. புட்டிப் பாலில் எச்.ஐ.வி. ஆபத்து அறவே கிடையாது. ஆனால் சுத்தமான நீரும், கொதிக்கவைத்துத் தயாரிக்கும் வசதியும், ஓராண்டு முழுக்கத் தடையில்லாமல் பால்மாவு வாங்கும் வசதியும் இல்லாத வீட்டில் வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவும் குழந்தையைக் கொல்லக்கூடும். தாய் தவறாமல் மருந்து எடுத்து வைரஸ் அடங்கியிருந்தால், தாய்ப்பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. உடலுறவுக்குச் சொல்லப்படுவது போல அது முற்றிலும் பூஜ்யம் என்று மட்டும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் எடைபோட்டு, தாயே மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். மாமியாரோ அக்கம்பக்கமோ எடுக்கும் முடிவல்ல இது.

தாய்ப்பால் என்று முடிவெடுத்தால், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலையும் மருந்தையும் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம். பிற உணவுகள் பிஞ்சுக் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கி, வைரஸுக்கு வழிவிடக்கூடும். எப்போதாவது வேறு பால் கொடுக்க நேர்ந்துவிட்டால், அதற்காகப் பதறித் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பதே முக்கியம். ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவோடு தாய்ப்பாலை ஓராண்டும் அதற்கு மேலும் தொடரலாம். உணவைத் தாய் வாயில் மென்று ஊட்டுவது மட்டும் கூடாது. காம்பில் வெடிப்பு விழுந்தாலோ மார்பு சிவந்து கட்டிக்கொண்டாலோ, அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, மறுபக்கம் கொடுத்தபடி அன்றே மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாமல் ஒரு மாத காலத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கர்ப்பத்தில் ஒருநாள்கூடத் தவறாமல் மாத்திரை எடுத்த பெண், குழந்தை பிறந்ததும் தூக்கமின்மையிலும் களைப்பிலும், பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டதே என்ற நிம்மதியிலும் அதை விட்டுவிடுகிறார். தாய் வீட்டுக்குப் போகும்போது மாத்திரைப் புட்டி பின்தங்கிவிடுகிறது. பால் கொடுக்கும் தாய் மாத்திரையை விட்டால் சில வாரங்களில் வைரஸ் பாலில் திரும்பி வரும். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் அதே நேரத்தில் தானும் மாத்திரையைப் போட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டால் ஒன்று மற்றொன்றை நினைவூட்டும். மனம் தொடர்ந்து சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அதற்கும் சிகிச்சை உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம். அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட நினைப்பவருக்கு டோலுடெகிராவிர் எந்தக் கருத்தடை முறைக்கும் இடையூறு செய்வதில்லை. எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு மட்டும் கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சியின் பலன் குறையும்.

குழந்தையின் பரிசோதனைகள்

தாயின் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பதினெட்டு மாதம் வரைகூட அதன் இரத்தத்தில் தங்கியிருக்கும். எனவே இந்த எதிர்ப்புப் பொருள்களைத் தேடும், பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணப் பரிசோதனையைக் கைக்குழந்தைக்குச் செய்தால், தொற்றில்லாத குழந்தைக்கும் தொற்று இருப்பதாகக் காட்டும். குழந்தைக்குச் செய்ய வேண்டியது வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒருமுறை, ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறை செய்யப்படும். ஆபத்து அதிகமுள்ள குழந்தைக்குப் பல இடங்களில் பிறந்தவுடனேயும் எடுப்பார்கள். பெரும்பாலும் குதிகாலில் குத்தி, சில துளி இரத்தத்தை அட்டையில் உலர்த்தி அனுப்புவார்கள்.

முடிவு தொற்று இருப்பதாக வந்தால், உறுதிப்படுத்த இரண்டாவது மாதிரி எடுத்துவிட்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். முதல் வாரங்களிலேயே மருந்து தொடங்கிய குழந்தைகள் பிழைத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். இல்லை என்று வந்தாலும், பால் குடிக்கும் குழந்தைக்கு அதுவே இறுதி விடை அல்ல. பதினெட்டாம் மாதத்திலோ, பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்தோ, இவற்றில் எது பிந்தி வருகிறதோ அப்போது எடுக்கும் பரிசோதனைதான் கடைசி. அந்தத் தேதியைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்புறத்தில் இன்றைக்கே பென்சிலால் எழுதி வையுங்கள். பால் நிறுத்தும் நாள் தள்ளிப்போனால் அதை அழித்துப் புதிய தேதியை எழுதுங்கள்.